கிளம்புற சத்தம் வேற: கடலூர் துறைமுகத்தில் ஒரு குறும்படம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தை வைத்து ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்து முடித்திருக்கிறோம். நான் புதுச்சேரியில் விஸ்காம் படிக்கிறேன், வீடு கடலூரில். கேமரா என்று தனியாக எதுவும் இல்லை. படம் பிடிக்க ஒரு செல்போன், ஒலி பிடிக்க இன்னொன்று, ஒரு காலர் மைக், கால் ஒன்று சரியாக நிற்காத டிரைபாட், அவ்வளவுதான். எந்தச் சோதனை என்ன பலன் தந்தது, அதனால் கதை எங்கே மாறியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் படத்தில் கதையை மாற்றியதெல்லாம் பெரும்பாலும் ஒலிதான். ஆகவே கேமராவைப் பற்றிக் குறைவாகவும் மைக்கைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

கதை சின்னது. வலை பின்னும் பெரியவர் ஒருவர், விசைப்படகில் தொழிலுக்குப் போகும் அவர் மகன். தடைக்காலம் என்பதால் மகன் வீட்டில் இருக்கிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. தடை முடிவதற்குள் பேசிவிடுவார்களா என்பதுதான் படம்.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு விளக்கம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலுக்குப் போகக் கூடாது. சின்ன ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய் வரும். இந்த வித்தியாசம் படத்துக்கு இவ்வளவு முக்கியமாகும் என்று திரைக்கதை எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை.

தடைக்காலத்தில் துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிப் பார்க்கிற நேரமே அதுதான். ஒரு பக்கம் பலகை மாற்றுவார்கள், இன்னொரு பக்கம் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். கிரைண்டர், வெல்டிங், சுத்தியல் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு நடுவில் கடற்காற்று வேறு. இந்த இடத்தில்தான் அப்பாவும் மகனும் பக்கம் பக்கமாக வசனம் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் சோதனை காற்று. செல்போனை அப்படியே கையில் பிடித்து ஒருவரைப் பேசவிட்டால், கேட்பது 'புர்ர்ர்' மட்டும்தான். காற்று எங்கிருந்தோ சத்தம் கொண்டுவருவதால் வருவதல்ல இது. மைக்கின் முகத்திலேயே காற்று மோதிச் சுழல்கிறது, அந்த அழுத்த மாற்றத்தை மைக் ஒலியாக எடுத்துக்கொள்கிறது. அதனால் மைக்கைத் தொடுவதற்கு முன்பே காற்றின் வேகத்தை உடைத்தாக வேண்டும். கடையில் விற்கும் மயிர்க்கவசம் செய்வது அந்த வேலையைத்தான். நாங்கள் வீட்டில் கிடந்த ஒரு பழைய கரடி பொம்மையின் முதுகை வெட்டி, மைக்கின் ஸ்பாஞ்சுக்கு மேலே உறை மாதிரி தைத்தோம். மயிர் நீளமாக இருக்கும் பொம்மையாகப் பாருங்கள். வெல்வெட் மாதிரி குட்டை மயிர் இருந்தால் பெரிய பலன் இல்லை. அடித்துணி கனமாக இருந்தாலும் குரல் மந்தமாகிவிடும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு சுலபமாக மறுபக்கம் போனால் அது சரிப்படும்.

உறை போட்ட பிறகும் மிஞ்சுகிற உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரலுக்குச் சேதமில்லாமல் அது போய்விடும். அலைச் சத்தத்திடம் இந்த வித்தை பலிக்காது. அலை எல்லா அதிர்வெண்களிலும் பரவி நிற்கிறது. அதை வெட்டினால் குரலும் சேர்ந்து போகும், குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதற்கு ஒரே மருந்து மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவது. திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அலை இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டடியிலிருந்து ஒரு அடி, ஒரு அடியிலிருந்து அரை அடி. மென்பொருளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இந்த அரை அடி தருவதை எடுக்க முடியாது.

இன்னொன்று, உட்காரும் இடம். கரையேற்றிய ஃபைபர் படகின் மறைவில் ஆட்களை உட்கார வைத்தால் படகே சுவராகிவிடுகிறது. காற்றும் குறையும், அலையும் குறையும். ஃபிரேமில் பார்க்கவும் நன்றாக இருக்கிறது. நம் ஊர்ப் படங்களில் கடற்கரை வசனம் என்றாலே கடலைப் பின்னால் வைத்து நிற்க வைப்பார்கள். ஸ்டுடியோவில் டப்பிங் பேச வசதி உள்ளவர்களுக்கு அது சரி.

நேரமும் முக்கியம். கோடையில் இங்கே காலையில் காற்று மெதுவாகத்தான் இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடலிலிருந்து காற்று உள்ளே வரத் தொடங்கும், பிற்பகலில் மணலை வாரி அடிக்கும். ஆகவே பேச்சு வரும் காட்சிகளைக் காலையிலும் பேச்சில்லாதவற்றை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொண்டோம். வெளிச்சத்துக்கும் இந்த ஏற்பாடு ஒத்துவந்தது. நமக்குச் சூரியன் கடலில் உதிக்கிறது, ஊருக்குள் மறைகிறது. கடல்மேல் தங்க நிற வெளிச்சம் வேண்டுமென்றால் விடியற்காலை எழுந்தே ஆக வேண்டும். கடற்கரைச் சூரிய அஸ்தமனக் காட்சி எழுதிக்கொண்டு வந்த நண்பன் ஒருவனிடம், 'அதுக்கு நீ கேரளாவுக்குப் போகணும்டா' என்று சொல்லி அனுப்பினோம்.

அக்னி நட்சத்திர வெயிலில் முகத்தில் விழும் நிழல் கொடூரமாக இருக்கும், கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். வெள்ளை வேட்டியை நான்காக மடிக்காமல் ஒற்றையாக விரித்து, இரண்டு மூங்கில் கழியில் கட்டித் தலைக்கு மேலே பிடித்தால் வெயில் மெத்தென்று இறங்குகிறது. கீழேயிருந்து ஒரு தெர்மாகோல் பலகை. காற்று வந்துவிட்டால் இரண்டையும் மறந்துவிட வேண்டும். வேட்டி பாய்மரமாகிவிடும், தெர்மாகோல் உப்பனாற்றுக்குப் போய்விடும்.

செல்போன் அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். நாங்கள் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னி அணைகிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் பிரச்சினையில்லை, 1/60 என்று வைத்தால் வீட்டுக்குள் எடுத்த காட்சியில் பட்டை பட்டையாக ஓடும். வெளியே வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும், பெரும்பாலான செல்போன்களில் அப்பர்ச்சரைக் குறைக்கவும் வழியில்லை. அதற்கான ஃபில்டர் வாங்கக் காசில்லாததால் ஒரு போலராய்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னால் ஒட்டிப் பார்த்தோம். வெளிச்சம் குறைந்தது, தண்ணீரின் பளபளப்பும் குறைந்தது, கூடவே எல்லாம் லேசாகப் பச்சையடித்தது. நிறத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், வெளுத்துப்போனதைத் திருத்த முடியாது.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பல செல்போன்கள் 25 என்று சொன்னாலும் பிரேம் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கித்தான் பதிவு செய்கின்றன. நீளமான ஷாட்டில் தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தியிருக்கும், முடிவில் விலகி நிற்கும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்குக்குக் கொண்டுபோங்கள். படத்தையும் ஒலியையும் பொருத்த, ஷாட்டின் தலையில் ஒரு கைதட்டல், வாலிலும் ஒரு கைதட்டல். எடிட்டிங் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில்தான்.

இவ்வளவும் செய்த பிறகு பேச்சு தெளிவாகவே கேட்டது. தெளிவாகக் கேட்டதும்தான் தெரிந்தது, அந்த வசனங்கள் அங்கே தேவையே இல்லை என்று. அப்பாவாக நடித்தவர் உண்மையிலேயே வலை பின்னுகிறவர். வசனம் பேசும்போது கை நின்றுவிடும், கை ஓடினால் வசனம் நின்றுவிடும். கை ஓடுவதைப் பார்க்கத்தான் நன்றாக இருந்தது. மகன் பக்கத்தில் வந்து நின்றதும் அவர் ஊசியை இழுக்கும் வேகம் தானாகக் கொஞ்சம் கூடுகிறது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, வசனம் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று சோதித்துப் பார்த்தோம். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்ததாகத் திரைப்பட வகுப்புகளில் சொல்லித்தரும் சோதனை ஒன்று உண்டு. ஒரு நடிகரின் ஒரே முகபாவத்தை ஒரு தட்டு சூப்போடு ஒட்டினால் பசி, சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கம், ஒரு பெண்ணோடு ஒட்டினால் ஆசை. நாங்கள் பெரியவரின் முகத்தை ஒரு குளோசப் எடுத்தோம். நடிக்கச் சொல்லவில்லை, தூரத்தில் இருக்கும் படகைப் பார்க்கச் சொன்னோம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒரு தடவை காலி ஐஸ் பெட்டி, ஒரு தடவை மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவது, ஒரு தடவை காயவைத்த கருவாடு. புதுச்சேரி பஸ்ஸில் கூட வரும் நண்பர்களிடம் ஆளுக்கொரு வெட்டைக் காட்டினேன். ஐஸ் பெட்டி பார்த்தவர்கள் 'பணக் கஷ்டம்' என்றார்கள். மகனைப் பார்த்தவர்கள் 'கோபம்' என்றார்கள். கருவாடு பார்த்த ஒருத்தி, 'காக்காவ விரட்டப் போறாரு' என்றாள்.

இதையே படத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றியும் செய்து பார்த்தோம். பாடத்தில் இல்லாத இந்தப் பகுதியைத்தான் எல்லாரையும் செய்து பார்க்கச் சொல்வேன். அதே முகம், வேறு ஷாட் எதுவும் ஒட்டவில்லை. பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் போட்டால் முகம் கனிந்து தெரிகிறது. சுத்தியல் சத்தம் போட்டால் எரிச்சல். எந்தச் சத்தமும் இல்லாமல் அலையை மட்டும் வைத்தால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் முகத்தைக் கூடுதல் நேரம் பார்த்தார்கள். ஒரு ஷாட் எடுக்கப் பாதி நாள் ஆகிறது. ஒரு சத்தத்தை மாற்ற இரண்டு நிமிடம்.

அதிலிருந்து நான் திரைக்கதையை இரண்டு பத்தியாக எழுதத் தொடங்கினேன். இடது பக்கம் என்ன தெரிகிறது, வலது பக்கம் என்ன கேட்கிறது. ஒரே விஷயம் இரண்டு பக்கமும் இருந்தால் ஒன்றை அடித்துவிடுவேன். சுத்தியல் அடிப்பவரை எடுத்திருந்த அழகான ஷாட் இப்படித்தான் போனது. கேமரா பிடித்த நண்பன் இன்னும் அதற்காக என்னைத் திட்டுகிறான்.

ஊசி வலைக்குள் நுழைந்து நூல் உரசும் சத்தம் கரையில் பதிவாகவே இல்லை. மிக மெல்லியது. அதை வீட்டில் பிடித்தோம். பெரியவரிடம் ஒரு துண்டு வலையும் பிளாஸ்டிக் ஊசியும் கொஞ்சம் நைலான் நூலும் வாங்கிவந்து, ஊர் அடங்கிய பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, இரண்டு போர்வையைக் கூடாரமாகப் போட்டு உள்ளே உட்கார்ந்தேன். மே மாதத்தில் இது ஒரு தவம்தான். நான் இழுத்த இழுப்பு படத்தில் இருந்த கையோடு ஒட்டவில்லை. பழகாத கை ஒவ்வொரு முடிச்சிலும் தயங்குகிறது, அந்தத் தயக்கம் ஒலியில் அப்பட்டமாகக் கேட்கிறது. அவரையே வீட்டுக்கு அழைத்துவந்து, படத்தை அவர் முன்னால் ஓடவிட்டு, அதைப் பார்த்தபடி பின்னச் சொன்னோம். 'ஏன் தம்பி, நானே எனக்கு டூப் போடணுமா?' என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

இனி இன்ஜின்.

படத்தின் முடிவு இது: மகன் சொல்லாமல் கிளம்பிப் போகிறான். பெரியவர் வலையோடு உட்கார்ந்திருக்கிறார். வெளியே விசைப்படகின் இன்ஜின் கிளம்பும் சத்தம். படகைக் காட்டப் போவதில்லை. அதனால் படம் முழுக்க தூரத்தில் ஃபைபர் படகின் 'டபடப'வை மட்டும் விட்டு, கனத்த டீசல் சத்தத்தைக் கடைசிவரை பொத்தி வைத்தோம். தடைக்காலத்தில் கேட்காத சத்தம் கேட்டால் தடை முடிந்தது என்று அர்த்தம். கணக்கு நேராகத்தான் இருந்தது.

தடை முடிய இன்னும் நாள் இருந்ததால், பழுது பார்த்த இன்ஜினைக் கட்டுத்துறையிலேயே ஓட்டிப் பார்த்தபோது அதைப் பதிவு செய்தேன். ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிட்டு, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல், 48 கிலோஹெர்ட்ஸில். எடிட்டிங்கில் அதைப் போகவிட்டேன். படகு விலகிப் போகும்போது ஒலி வெறுமனே குறையாது. கூர்மையான மேல் அதிர்வெண்கள் முதலில் மறையும், அடிநாதம் கடைசிவரை மிஞ்சும். அதனால் வால்யூமைக் குறைப்பதோடு மேல் அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரையும் மெல்ல மெல்ல இறக்கினேன். ஹெட்போனில் கேட்டால் படகு முகத்துவாரத்தைத் தாண்டிப் போவது அப்படியே தெரிந்தது. வகுப்பிலும் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள்.

படகு டிரைவர் ஒருவரிடம் செல்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

'படகு எங்க தம்பி போவுது? கட்டித்தான கெடக்கு.'

'போற மாதிரி தூரமா கேக்கல, அண்ணா?'

'தூரமாத்தான் கேக்குது. நீ நடந்து போயிருப்ப, படகு போவல. கட்டிப்போட்டு ஓட்டுற சத்தம் வேற, கிளம்புற சத்தம் வேற. கிளம்புனா இன்ஜினுக்கு இழுக்கணும்ல?'

சுமை ஏறும்போது இன்ஜினின் குரலே மாறும் என்பதைச் சொல்கிறார். சும்மா ஓடும்போது ஒரே சீராக இருக்கும். கியர் விழுந்து புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளத் தொடங்கியதும் ஒரு கணம் அமுங்கும். பிறகு ஆக்சிலேட்டர் கொடுக்க, சத்தம் தடித்து மேலே ஏறும். அந்த அமுங்கல் எங்கள் பதிவில் இல்லை. தடைக்காலம் முழுக்க இன்ஜின் ஓட்டிப் பார்க்கும் சத்தம் துறைமுகத்தில் அவ்வப்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். ஆக, அந்தக் கரையில் வாழும் ஒருவருக்கு எங்கள் முடிவில் நடப்பது 'பக்கத்தில் யாரோ இன்ஜின் பார்க்கிறார்கள்' என்பதுதான். மகன் போகவே இல்லை!

ஃபில்டர் போட்டு அந்த அமுங்கலைப் போலி செய்யலாமா என்று நண்பன் கேட்டான். சுருதியைக் கொஞ்சம் இறக்கி ஏற்றினால் ஓரளவு வரும், பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியவும் தெரியாது. அதுவும் வாதம்தான். ஆனால் பெரியவரின் முகத்தில் ஒன்றும் நடக்காத ஷாட் அது. அங்கே கதை சொல்லுவது அந்தச் சத்தம் ஒன்றுதான், அதையும் போலியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜூன் 14 இரவுவரை காத்திருந்தோம்.

அந்த இரவு துறைமுகம் திருவிழாவாக இருக்கும். ஐஸ் ஏற்றுவது, டீசல் ஏற்றுவது, கற்பூரம், பாட்டு. படகுகளுக்கு அருகில் நின்றால் மனிதக் குரல்தான் பதிவாகும். எனவே நண்பனைக் கட்டுத்துறையில் நிறுத்திவிட்டு நான் முகத்துவாரப் பக்கம் போனேன். இரண்டு செல்போனிலும் ஒரே நேரத்தில் பதிவு. அவனிடம் கியர் விழும் கணம், என்னிடம் படகு நெருங்கி, கடந்து, விலகிப் போவது. இரண்டையும் எடிட்டிங்கில் ஒட்டினோம். என் பதிவில் படகு கடந்து கொஞ்ச நேரம் கழித்து, அது எழுப்பிய அலை கரையில் வந்து மோதும் சத்தம் இருந்தது. திரைக்கதையின் வலது பத்தியில் நான் எழுதியே இருக்காத சத்தம். பெரியவரின் கை நிற்கும் இடத்தை அந்த அலைக்குப் பொருத்தி, ஷாட்டைச் சில நொடி நீட்டினேன்.

முடித்த படத்தை இரண்டு கூட்டத்துக்குக் காட்டினோம். வலை பின்னும் இடத்தில் காட்டியபோது இன்ஜின் கேட்ட உடனே ஒருவர் 'போயிட்டான் பாரு' என்றார். கல்லூரியில் காட்டியபோது பாதிப் பேர் 'கடைசியில என்ன ஆச்சு?' என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தடைக்காலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பேராசிரியர் ஒருவர் தொடக்கத்தில் எழுத்தில் போடச் சொன்னார். நண்பன் தினசரி காலண்டரில் ஜூன் 14 தாளைக் கிழிக்கும் ஷாட் ஒன்று எடுத்துவந்தான். எழுத்து போட்டால் செய்திப்படம் மாதிரி ஆகிறது. காலண்டர் எல்லாரும் எடுப்பது, அதுபோக அது இடது பத்தியைச் சேர்ந்தது. எனக்குத் தேவைப்பட்டது வலது பத்திக்கு ஒரு வரி.

அதை மீன் விற்கும் அக்கா ஒருவர் கொடுத்தார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த வசனம், 'நாளையோடு தடைக்காலம் முடிகிறது, தெரியுமா?' படித்துவிட்டு, 'இத யாரு இங்க வந்து இன்னொருத்தர்கிட்ட சொல்லுவா? எல்லாருக்கும்தான் தெரியுமே' என்றார். பிறகு அவராகவே, ஃபிரேமுக்கு வெளியே நின்று, பெரியவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: 'தாத்தா, நாளைக்கு ராவு படகு போவுதாமே, ஒம் மவன் ஐஸுக்குச் சொல்லிட்டானா?' பெரியவர் பதில் சொல்லாமல் ஊசியை இழுத்தார்.

ஐந்தாவது நிமிடத்தில் அதை வைத்திருக்கிறோம்.